குண்டுப்பின் அக்கா

கீபோர்டு வந்து சேர்ந்ததும் அக்னஸ் அக்கா அதைக் கம்ப்யூட்டரில் குத்திப் பார்க்க மாட்டார். மேசைமேல் பழைய செய்தித்தாளை விரிப்பார். கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்து, பால் குடித்த பிள்ளையின் முதுகைத் தட்டுவதுபோல நாலு தட்டுத் தட்டுவார். பிறகு கொட்டியதைக் குனிந்து பார்ப்பார்.

"தவிடு. ரைஸ்மில்லு" என்பார். "சாக்பீஸ். பள்ளிக்கூடத்து ஆபீஸ் ரூமு." ஒருமுறை வெள்ளைச் செதில் செதிலாக மெழுகு விழுந்தது. "கரண்டு போனா மெழுகுவத்தியக் கீபோர்டு மேலயே நிக்க வெச்சிருக்காங்க. நம்ம கோயில் ஆபீசுதான் இது, சந்தேகமே இல்ல" என்றார். கொண்டுவந்தவர் கோயில் கணக்குப்பிள்ளை. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பட்டுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அக்கா வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ் அண்ணனின் தேங்காய் மண்டி இருக்கிறது. மண்டியின் முன்னறை அக்காவுடையது. பக்கத்து அறையில் நான் ரவிக்கை தைக்கிறேன். நடுவே தகரத் தடுப்பு. தலை உயரத்துக்கு மேல் அது கிடையாது. மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றால் அக்காவின் மேசை முழுவதும் தெரியும். உட்கார்ந்திருந்தாலும் பேச்செல்லாம் கேட்கும். ஏழெட்டு வருடமாக இப்படித்தான் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

அக்காவிடம் வருபவை இப்போதைய தட்டைக் கீபோர்டுகள் அல்ல. முப்பது, முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தியவை. தூக்கினால் அம்மிக்குழவி தூக்குவது போலிருக்கும். ஒவ்வொரு கீக்கு அடியிலும் தனித்தனி ஸ்பிரிங்கு. கயிறுபோலச் சுருண்ட ஒயர். அதன் முனையில் ஐந்து கால் வைத்த உருண்டைத் தலை. அதற்கு இங்கே குண்டுப்பின் என்று பெயர். அக்காவுக்கும் அதுவே பெயராகிவிட்டது. வழி கேட்கிறவர்களுக்கு டீக்கடைக்காரர், "குண்டுப்பின் அக்காதானே? தேங்கா மூட்டையத் தாண்டிப் போங்க" என்று கை காட்டுவார். அக்காவோ கொக்கு மாதிரி மெலிந்தவர். முதல் தடவை வருகிறவர்கள் கொஞ்சம் தயங்கித்தான் நிற்பார்கள்.

இப்போதைய கம்ப்யூட்டரில் குண்டுப்பின் நுழைய ஓட்டை இல்லை. தலையை மாற்றித் தரும் சின்ன பிளக்குகள் கடையில் கிடைக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று கோத்துக் குத்தினால் பொருந்தும். விளக்கு ஒருமுறை மினுக்கும். அவ்வளவுதான். "தலைய மாத்துனாப் போதுமா? பேச்சு மாறணும்ல" என்பார் அக்கா.

அந்தப் பேச்சை மாற்றுவதுதான் அவர் தொழில். கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்ன போர்டு வாங்குவார். பழைய கீபோர்டு சொல்வதைக் கேட்டுப் புதுக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி திருப்பிச் சொல்வதற்கு அதற்குள் புரோகிராம் ஏற்றுவார். ஒரு பக்கம் குண்டுப்பின்னின் ஒயர்களைப் பற்றவைப்பார். மறுபக்கம் யூஎஸ்பி. வேளாங்கண்ணியில் ஜெபமாலை போட்டு விற்கிற சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அந்த போர்டை அடைத்து மூடுவார். அந்த அளவுக்கு அந்த டப்பாதான் சரியாக வருகிறதாம். மூடியில் மாதா படம் இருக்கும். அரிசி மில், பள்ளிக்கூடம், ஹபீப் முகம்மது பாயின் டிராவல்ஸ் என்று இந்த வட்டாரத்தில் பல மேசைகளுக்குப் பின்னால் மாதா இருப்பது இப்படித்தான்.

மேசைமேல் வரிசையாகக் கொட்டாங்கச்சிகள். ஒன்றில் திருகாணி, ஒன்றில் ஸ்பிரிங்கு, மற்றவற்றில் கழற்றிய கீகள். மண்டியில் கொட்டாங்கச்சிக்குப் பஞ்சமில்லை. ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டிலும் இருக்கும். அக்கா நகத்துக்குச் சாயம் பூசி நான் பார்த்ததில்லை. முடுக்கிய திருகாணி இளகாமலிருக்க அதன் தலையில் ஒரு சொட்டு வைப்பதற்காக அது.

வேலை முடிந்த கீபோர்டில் ஓர் அட்டை கட்டித் தொங்கவிடுவார். அதில் இரண்டே வரி. என்ன கோளாறு, யாரால். இரண்டாவது வரியை எழுதாமல் எதையும் வெளியே அனுப்பமாட்டார். யாரால் என்பதற்கு எதிரே 'எலி' என்று இருக்கும். 'மழை' என்று இருக்கும். ஒரு தடவை 'மருமகன்' என்று எழுதினார். கொண்டுவந்த பெரியவர் அதைக் கிழித்துத் தரச் சொல்லிக் கெஞ்சினார். "கீபோர்டு மேல பழி போடக்கூடாதுங்க. அது வாயில்லாத சீவன்" என்று அக்கா சொல்லிவிட்டார்.

அக்கா இந்தத் தொழிலுக்கு வந்தது கஜா புயலுக்குப் பிறகு. தோப்பெல்லாம் சாய்ந்து மண்டி மூடிக் கிடந்தது. வாரக்கணக்கில் கரண்டு இல்லை. அக்கா அப்போது மண்டிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டிருந்தவர். கூரை பிய்ந்து எல்லாம் நனைந்திருந்தது. சும்மா இருக்கமுடியாமல் கீபோர்டைப் பிரித்து, ஒவ்வொரு கீயாகக் கழுவி வெயிலில் உலர்த்தினார். கரண்டு வந்ததும் கீபோர்டு வேலை செய்தது. கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் குண்டுப்பின்னுக்கு இடமில்லை. "பொழைச்சுக் கெடக்குறதைத் தூக்கிப் போடவா?" என்று செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தவர், ஐந்து மாதம் கழித்து அதைப் பேசவைத்தார்.

வெளியூரிலிருந்து பார்சலும் வரும். திருத்துறைப்பூண்டிக்காரரான வளவன் என்பவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். எங்கெங்கோ பழைய கீபோர்டுகளைத் தேடி வாங்கி அனுப்பிவைப்பார். "சத்தம் மட்டும் கொறையாமப் பாத்துக்குங்க ஆன்ட்டி" என்று போனில் சொல்வார். அக்கா போனை வைத்துவிட்டு, "நம்ம ஊர்ல சத்தம் கேக்குதுன்னு ரிப்பேருக்குத் தருவாங்க. இவங்க சத்தம் வேணும்னு தர்றாங்க" என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் பார்த்துச் சொல்வார். நான் சிரித்துக்கொள்வேன்.

குண்டுப்பின்னின் ஐந்து காலில் நாலுக்குத்தான் வேலை. ஒன்று கரண்டு, ஒன்று எர்த்து. மற்ற இரண்டைப் பற்றி அக்கா கோயில் பாட்டுக்குழு கணக்கில் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடுகிறவர். "ஒரு ஒயரு தாளம் போடும். ஒரு ஒயரு பாடும். தாளத்தப் புடிச்சாத்தான் பாட்டு புரியும்." இதிலும் இரண்டு தினுசு உண்டாம். பிந்தி வந்தவை பாடும், நாம் சொன்னால் கேட்டுக்கொள்ளவும் செய்யும். முந்தி வந்தவை பாடும், காது கேட்காது. தாளமும் வேறு. ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் அக்கா கையிலிருக்கும் போர்டில் மற்றதற்கு உதவாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்சம் வந்தார். ஐம்பத்து நாலு வயதிருக்கும். நன்றாக நீவி மடிப்பு வைத்த சேலை. எண்ணெய் வைத்து இறுக்கிய கொண்டை. ஜவுளிக்கடைப் பையிலிருந்து, வெள்ளைத் துண்டில் சுற்றிய கீபோர்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"நீங்கதான் அக்னஸுங்களா? பேராவூரணியிலேருந்து வர்றேன். பத்திர ஆபீஸ்ல டைப் அடிக்கிறேன். இருபது வருசமா இந்தக் கீபோர்டுதான்."

அக்கா வழக்கம்போலச் செய்தித்தாளை விரித்தார். தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. இன்னும் நாலு தட்டுத் தட்டினார். மஞ்சளாக ஒரே ஒரு பொருக்கு விழுந்தது, பச்சரிசி அளவுக்கு.

"இருபது வருசத்துக் கீபோர்டுங்குறீங்க. குளிச்சுட்டு வந்திருக்கே?"

"வெளியிடத்துக்கு எடுத்துக்கிட்டு வர்றோமே, அதான் கொஞ்சம் தொடைச்சேன்" என்றார் அம்சம்.

விஷயத்தை அவர் சுருக்கமாகத்தான் சொன்னார். பத்திர எழுத்தர் துரைராசுவிடம் இருபத்தோரு வருட வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டர் போன மாதம் நின்றுபோய்ப் புதிது வந்தது. அதோடு வந்த தட்டைக் கீபோர்டில் அடித்தால் எழுத்து இரண்டிரண்டாக விழுகிறது. சர்வே நம்பர் 114 என்பது 1144 ஆகிவிட்டது. பதிவுக்குப் போகுமுன் கண்ணில் பட்டதால் தப்பித்தார்கள், முத்திரைத்தாள் வீண். அடுத்த வாரமே ஒரு பெயரில் அப்படி ஆயிற்று.

"சாரு ஒண்ணும் திட்டல. வியாழக்கிழமையிலேருந்து வேற புள்ளைய வரச் சொல்லியிருக்காரு. புதன்கிழமை முகூர்த்த நாளு. ஏழெட்டுப் பத்திரம் இருக்கு. அதுக்குள்ள இதுல அடிச்சுக் காட்டிட்டேன்னா…"

"புதுசு பழகலையாக்கா?"

"இதுலயே அடிச்சுப் பழகிப்போச்சு. அதான்."

டீ வந்தது. எதிர்க்கடை டீ கொதிக்கக் கொதிக்க வரும். நான் எப்போதும் முந்தானையால்தான் கிளாஸைப் பிடிப்பேன். அக்கா விளிம்பில் இரண்டு விரலால் தொட்டு மேசையில் வைத்துவிடுவார். அம்சம் கிளாஸை ஐந்து விரலாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஆபீஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உள்ளங்கை சிவந்தது. அவர் முகம் மாறவில்லை.

அக்கா அதைப் பார்த்தார். அம்சத்தின் கைப்பக்கம் சூடாகிக்கொண்டிருந்த பற்றவைக்கும் கம்பியைத் தூக்கித் தன் இடப்பக்கம் வைத்துக்கொண்டார். "செவ்வாக்கெழமை போன் பண்றேங்க்கா" என்றார்.

அம்சம் போனபிறகு கீபோர்டைத் திருப்பிப் பார்த்தார். அடியில் நடுவாக ரூபாய்க்காசு அகலத்துக்கு மஞ்சள் கறை. சந்தனம் வைத்த இடம். ஆயுத பூசைக்குச் சந்தனம் வைத்த கீபோர்டுகள் அக்காவிடம் நிறைய வரும். அந்த இடத்தை அவர் தொடமாட்டார். "அது அவங்க சாமி காரியம். நான் ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சா நல்லாவா இருக்கும்?" என்பார். மேலே ஒரு துண்டுத்தாளை ஒட்டி மறைத்துவிட்டுத்தான் மற்ற இடங்களைத் துடைப்பார். இதற்கும் அப்படியே செய்தார்.

இருபது வருடமாக ஓடியது பிந்திய தினுசாகத்தான் இருக்கும் என்று அந்தப் புரோகிராமையே போர்டில் ஏற்றி, சனிக்கிழமை சாயங்காலம் ஒயர்களைப் பற்றவைத்தார். கரண்டு சரி. எர்த்து சரி. கம்ப்யூட்டரில் போர்டு தெரிந்தது. கீயை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. திடீரென்று சம்பந்தமில்லாமல் ஓர் எழுத்து வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் சேலையோடேயே வந்து உட்கார்ந்தார். ஒயரை மாற்றினார். போர்டை மாற்றினார். காதைக் கீபோர்டின் மேல் வைத்து ஒவ்வொரு கீயாக அழுத்திக் கேட்டார். எல்லாம் ஒரே மாதிரி, சுத்தமாக ஒலித்தன. திங்கட்கிழமை மிக்கேல்ராஜ் அண்ணன் மூட்டை எண்ணிவிட்டு உள்ளே வந்து, "தாளம் கெடச்சுதா?" என்றார்.

"தாளம் போடுது. ஆனா வேற பாட்டுக்குப் போடுது."

"கொட்டு மேளத்துக்காரனக் கூட்டியாரட்டா?"

"நீங்க தேங்காயப் பாருங்க."

அண்ணன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அக்கா சிரிக்கவில்லை. அன்று அவர் வேறு எந்த வேலையையும் எடுக்கவில்லை. பெங்களூர்ப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது. புதன்கிழமை என்று அம்சம் சொன்னது தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு தலையைத் திருப்பாமல், "தங்கச்சி, அன்னிக்குப் பேப்பர்ல என்னமோ விழுந்துச்சே, என்ன அது?" என்றார்.

"சந்தனம்" என்றேன்.

"காய்ஞ்ச சந்தனம் தானா விழாது."

அடியில் ஒட்டிய துண்டுத்தாளை மெல்லப் பிரித்தார். டார்ச்சை அடித்தார். மஞ்சள் கறைக்கு நடுவே ஒரு கீறல் தெரிந்தது. கீறலுக்குள் கறுப்பாக ஒரு குழி. என்னிடம் ஊசி கேட்டார். பதினெட்டாம் நம்பர் ஊசி கொடுத்தேன். ஊசி முனையால் மிச்சச் சந்தனத்தை நெம்பி எடுத்து, ஒரு காகிதத்தில் சேர்த்து வைத்தார். குழிக்குள் கடுகு அளவுக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. ஒரு பக்கம் தள்ளினால் பிந்திய தினுசு, மறுபக்கம் தள்ளினால் முந்திய தினுசு. இரண்டு பாட்டும் தெரிந்த கீபோர்டு அது. இருபது வருடமாகச் சந்தனம் மேல் சந்தனமாக அடைந்து அந்தச் சுவிட்ச் யார் கண்ணுக்கும் படாமல் இருந்திருக்கிறது. இப்போது அது முந்திய தினுசின் பக்கம் போயிருந்தது.

அக்கா அம்சத்துக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். கையில் ஊசி இருந்தது.

"அக்கா, அடியில எதாச்சும் சுரண்டுனீங்களா?"



"கொண்டை ஊசியால சுரண்டுனேம்மா. சந்தனமும் குங்குமமுமா அப்பிக் கெடந்துச்சு. கிறிஸ்தவங்க வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறோமே, அவங்க எப்படித் தொடுவாங்கன்னுதான். ஏன், எதாச்சும் ஆகிப்போச்சா?"

"உள்ள ஒரு சுவிட்சு இருந்திருக்கு. அது நகந்துருச்சு. ஊசி பட்டப்ப டக்குன்னு கையில தெரிஞ்சிருக்குமே?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. நான் மிஷினை நிறுத்தியிருந்தேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் அம்சம். "வெரல்ல உணர்ச்சி இல்ல. சுகரு. ரெண்டு வருசமாச்சு. புதுக் கீபோர்டுல அழுத்துனேனா, விட்டேனான்னே தெரியல. அது பாட்டுக்கு ரெண்டு எழுத்து விழுந்துடுது. இதுல எழுத்து விழும்போது டக்குன்னு கேக்கும். கேட்டதும் கையை எடுத்துடுவேன். காதாலதான் அடிச்சுக்கிட்டிருக்கேன். சாருக்குத் தெரியாது. தெரிஞ்சா இன்னிக்கே அனுப்பிடுவாரு."

அக்கா ஊசியை மேசையில் குத்தி நிறுத்தினார்.

"எனக்கும் தெரியாதுன்னு வெச்சுக்குங்க. நாளைக்குக் காலையில நானே எடுத்துக்கிட்டு வர்றேன்."

சுவிட்சைத் திருப்பி முன்பிருந்த பக்கம் தள்ளினார். கீயை அழுத்தினார். திரையில் எழுத்து வந்தது. அடுத்தது. அடுத்தது. வரிசையாக எல்லாவற்றையும் அழுத்திக்கொண்டே போய், மேலே வலப்பக்கத்து மூலையில் ஸ்க்ரோல் லாக் என்கிற கீயில் நிறுத்தினார். அந்தக் கீயின் மேல் அக்காவுக்கு ஒரு தனிப் பிரியம். "பொறந்ததுலேருந்து யாரும் இதைக் கூப்புட்டது கெடையாது. சம்பளம் வாங்காம ஒக்காந்திருக்கு" என்பார். பழைய கீபோர்டுகளில் விண்டோஸ் கீ இல்லாததால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுவது சிரமம். அந்த மாற்றும் வேலையை எல்லாக் கீபோர்டிலும் ஸ்க்ரோல் லாக்குக்குக் கொடுத்துவிடுவார். இதிலும் கொடுத்தார். கடைசியில் கீபோர்டைத் திருப்பிப் போட்டு, நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்து, சுவிட்ச் இருந்த குழிக்குள் ஒரு சொட்டு வைத்தார். இனி அது நகராது. சந்தனம் இருந்த இடத்தின் நடுவே சிவப்பாக வட்டமாக அது காய்ந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

புதன்கிழமை பேராவூரணியில் எனக்கும் ரவிக்கை கொடுக்கும் வேலை இருந்தது. பஸ்ஸில் கீபோர்டை அக்கா மடியில் வைத்திருந்தார். டப்பாவை நான் வைத்திருந்தேன். "நம்ம மேசையில ஓடுனாப் பத்தாது. அது எந்த மேசையில ஓடணுமோ அங்க ஓடணும்" என்பது அக்காவின் இன்னொரு சட்டம்.

சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் துரைராசுவின் அறை. முகூர்த்த நாளானதால் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் சாட்சிக்காரர்களுமாக வாசல்வரை நின்றார்கள். அம்சம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். துரைராசு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டப்பாவைப் பார்த்தார்.

"மாதா டப்பாவுக்குள்ள என்னம்மா வெச்சிருக்கீங்க?"

"தரகரு சார். ரெண்டு பக்கமும் பேசி முடிச்சு வைப்பாரு."

"கமிஷன் எவ்வளவு கேப்பாரு?"

"இவரு கேக்க மாட்டாரு. எங்க வீட்டுல இருக்குறவருதான் கேப்பாரு."

நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா ஒயரைக் கம்ப்யூட்டரின் முன்பக்க ஓட்டையில் குத்தினார். விளக்கு மினுக்கி அணைந்தது. இரண்டாவது முறையும் அணைந்தது. சிரிப்பு நின்றது. அம்சம் தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். துரைராசு மணியைப் பார்த்து, "அம்மா, பார்ட்டிங்க நிக்கிறாங்க. பழைய சாமானோட மல்லுக்கட்ட இன்னிக்கு நேரமில்ல" என்றார்.

"அது பழைய ஆளு சார். கொஞ்சம் கூடச் சாப்புடும். முன்பக்கம் கரண்டு பத்தல." அக்கா மேசைக்கு அடியில் குனிந்து, புழுதியில் முட்டிபோட்டு, ஒயரைப் பெட்டியின் பின்பக்கம் கொண்டுபோய்க் குத்தினார். விளக்கு எரிந்தது. நின்று எரிந்தது.

"அடிங்கக்கா. தமிழுக்கு மாறணும்னா மூலையில இருக்குற ஸ்க்ரோல் லாக்கு."

அம்சம் வலதுகைச் சுண்டுவிரலை மூலைக்குக் கொண்டுபோய் ஸ்க்ரோல் லாக்கைத் தட்டினார். தமிழ் வந்தது. பிறகு அடிக்கத் தொடங்கினார். மழை பிடித்துக்கொண்டதுபோல அறை முழுவதும் சத்தம். வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்சத்தின் கண் கீபோர்டிலும் இல்லை, திரையிலும் இல்லை. எதிர்ச்சுவரில் இருந்தது. தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்திருந்தார். சர்வே நம்பர்களைக் கடந்து செக்குபந்திக்கு வந்தார். நிலத்தின் நாலு எல்லையைச் சொல்கிற இடம் அது. பொதுவாய்க்காலுக்குக் கிழக்கு, செல்லதுரை தென்னந்தோப்புக்கு மேற்கு என்று அவர் உதடு முணுமுணுக்க, விரல் பின்னாலேயே போயிற்று.

தாள் வெளியே வந்தது. துரைராசு கண்ணாடியை இறக்கிக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார். எண்களை ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தார். தாளை மேசையில் தட்டி ஒழுங்குபடுத்தி, பார்ட்டியிடம் கையெழுத்துக்கு நீட்டினார். அப்புறம்தான் அவர் கண் கீபோர்டில் கட்டியிருந்த அட்டையில் விழுந்தது.

"என்ன கோளாறு: அடியில் சுவிட்ச் மாறியிருந்தது. யாரால்: சந்தனம்" என்று சத்தமாகவே வாசித்தார். "சந்தனமா?"

"ஆமா சார். ஆயுத பூசைக்கு இங்க யாரு வைப்பாங்க?"

"நான்தான் வைப்பேன். அடி, மேலு எல்லாம் நல்லா அப்பித்தான் வைப்பேன்." அவர் குரல் இறங்கியது. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்புறம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "அது சரி. இதுல சுவிட்சு. புதுசுல என்ன? அதுல அடிச்சா ஏன் இவங்களுக்கு ரெண்டு ரெண்டா விழுந்துச்சு? கையில கிய்யில எதாச்சும்…"

அம்சத்தின் கைகள் கீபோர்டின் மேல் நின்றுவிட்டன. அக்கா டப்பாவின் மூடியை ஒருமுறை அழுத்தி மூடினார்.

"புதுசுல சத்தம் இல்ல சார். இதுல இருக்கு. இவங்க சத்தம் கேட்டு அடிக்கிறவங்க. அவ்வளவுதான்."

துரைராசு அக்காவைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டு முடித்த தாளைப் பார்த்தார். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"எம்மா அம்சம், நாளைக்கு ஒம்பதரைக்கெல்லாம் வந்துடு. ஒரு பாகப்பிரிவினை இருக்கு, பெருசு. அந்தப் புள்ளைகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பத்திரத்தின் நகலை அவர் பக்கம் தள்ளினார். பிறகு வாசலைப் பார்த்து டீ சொன்னார்.

கம்பி வளையத்தில் கிளாஸ்கள் வந்தன. ஆவி பறந்தது. துரைராசு ஒன்றை எடுத்துச் சூடு தாங்காமல் சட்டென்று மேசையில் வைத்துக் காதைத் தொட்டுக்கொண்டார். அம்சத்துக்கென்று ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார். அம்சம் கையை நீட்டுவதற்குள் அக்கா அந்தக் கிளாஸை எடுத்துவிட்டார். இன்னொரு காலி கிளாஸில் ஊற்றினார்; திரும்ப இதில் ஊற்றினார். பின்பக்க ஓட்டையிலிருந்து ஒயரைப் பிடுங்கக்கூடாது, பெருக்கும்போது பார்த்துப் பெருக்கச் சொல்லுங்கள் என்று துரைராசுவிடம் பேசிக்கொண்டே நாலு ஆற்று ஆற்றினார். கிளாஸைத் தன் புறங்கையில் ஒருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு அம்சத்தின் கைக்குள் வைத்து, அந்த விரல்கள் மூடும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.